கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதித் தரவும்

அன்பும் அறிவும் எழுத்துத் திறனும் ஒருங்கே வாய்ந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பேனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அக்கா சுகம். உங்கள் மருமகளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, மற்றபடி அவளும் சுகம். நான் சுகமா என்று கேட்டால் அதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். நான் எப்போது சுகமாக இருப்பது, எப்போது வழுக்கி விழுவது, எப்போது கொதிக்கிற பாலில் மூக்குக்கண்ணாடியைப் போடுவது என்பதையெல்லாம் இப்போது தாங்கள்தானே முடிவு செய்கிறீர்கள்!

போனில் பேசியிருப்பேன். ஆனால் புதிய பாகம் எழுத உட்கார்ந்தால் தாங்கள் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவீர்கள் என்று உங்கள் அக்கா சொன்னாள். போன் அணைந்திருக்கிறது. அப்படியென்றால் நாலாம் பாகம் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். இது தெரிந்ததும் நானும் பேனாவை எடுத்துவிட்டேன். அதனால் வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “தொப்பையப்பா” மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைத் தயவுசெய்து வேறு மாதிரி எழுதி, பழைய பக்கங்களின் மேல் ஒட்டுகிற மாதிரி அச்சடித்து, உடனே கூரியரில் அனுப்பிவைக்கவும். வெள்ளிக்கிழமை காலை உங்கள் மருமகள் அந்த அத்தியாயத்தைத் தன் வகுப்பில் எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கப்போகிறாள். அவள் படித்து முடிக்கும்போது நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் தங்களுக்குப் புரியும். நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரிலுள்ள பெரிய மனிதர்களையெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து, “இடது கண்ணை மூடிக்கோங்க, மேல் வரியப் படிங்க, அடுத்த வரி, அதுக்கு அடுத்த வரி” என்று படிக்கவைத்துப் பிழைப்பவன். அப்படிப்பட்டவனுடைய மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்தும் ஒரு வரி படிக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், பெட்டியிலிருந்த லென்ஸ் அத்தனையையும் மாட்டிப் பார்த்தேன். கழுகுக் கண். எதிர் மாடியில் காயும் சட்டையில் பித்தான் போயிருப்பதைச் சொல்கிறாள். ஆனால் எழுத்தைக் காட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். ஒருநாள் வகுப்பில் எழுப்பிப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் விரலை வைத்துத் தடவித் தடவி ஒரு சொல்லை முடிப்பதற்குள் பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சீருடையோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் குனிந்து கூப்பிட்டேன். “நான் இங்கயே இருக்கேன்ப்பா. இங்க யாரும் என்னைப் படிக்கச் சொல்ல மாட்டாங்க” என்றாள். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மேசைக்கு அடியில்தான் அவள் குடித்தனம்.

அந்தச் சமயத்தில்தான் தங்கள் பார்சல் வந்தது. படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கான சிரிப்புக் கதை, அத்தியாயம் அத்தியாயமாக, பக்கத்துக்கு நாலே வரி, கொட்டை எழுத்து, மிச்ச இடமெல்லாம் படம். அட்டையில் ஒரு அசட்டு ஆள் தொப்பையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஏணியில் நிற்கிறான். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து புத்தகத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. “யாருப்பா இது? உன்ன மாதிரியே இருக்கு” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றதுதான். இருந்தாலும் அவள் தானாக ஒரு புத்தகத்தைத் தொட்டே எவ்வளவோ காலமாகியிருந்ததே, அந்தச் சந்தோஷத்தில், “ஆமாடா, நான்தான் அது” என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு சொல்லில்தான் வினை ஆரம்பித்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன். மேசைப் பக்கமிருந்து ஒரு குரல். “தொப்... பை... யப்... பா...” சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். என் மகள் படிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சோப்பினால் என்று வைத்துக்கொள்ளுங்கள். “சோப்... பு... மே... லே... கா... லை... வைத்... தார்” என்றாள். என் வலது கால் தானாக எழுந்து, கீழே கிடந்த சோப்பின் மேல் போய் உட்கார்ந்தது. “வழுக்...” என்றாள். வழுக்கினேன். அங்கே அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். நானும் நின்றுவிட்டேன். எங்கே தெரியுமா? அந்தரத்தில். இரண்டு காலும் தரையில் இல்லை, தலை வாளிப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கை குழாயைப் பிடிக்கப் போய்ப் பிடிக்கவில்லை. குழாயிலிருந்து விழுந்த ஒரு சொட்டுத் தண்ணீர் வாளிக்கு மேலே என்னோடு சேர்ந்து நிற்கிறது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை, தெருவில் ஒரு சத்தம் இல்லை. பிறகு அவள் விரலை நகர்த்தி, “...கி... வி... ழுந்... தார்” என்றாள். விழுந்தேன். தரையில் ஒரு டைல் உடைந்தது. வெளியே அவள் கலகலவென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று விழுந்து கிடந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காக அடுக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை மாப்ளே, கொட்டிவிடுகிறேன், நீயே பொறுக்கிக்கொள். பக்கத்து வீட்டுக்காரர் தம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கை இங்கே கொஞ்சம் வைத்திருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போக, அதை நான் மெத்தை என்று நினைத்து உட்கார்ந்தேன். எண்ணெய் என்று பசையை எடுத்துத் தலையில் தேய்த்து, வாரப் போன சீப்பு தலையிலேயே நின்றுகொள்ள, சீப்போடு கடைக்கு ஓடி, சீப்போடு ஒருவருக்குக் கண் பரிசோதித்தேன், அவர் “சீப்பு நல்லாத் தெரியுதுங்க, எழுத்துதான் தெரியல” என்று சொல்லிவிட்டுப் போனார். பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்க்க, கண்ணாடி மூக்கிலிருந்து குதித்துப் பாலில் விழுந்தது, கண்ணாடிக் கடைக்காரன் அன்றைக்குச் சுவரைத் தடவித் தடவிக் கடைக்குப் போனான். லிஃப்டில் ஒரு பெரிய மனிதரின் கோட்டு என் கால்சட்டை ஜிப்பில் மாட்டிக்கொள்ள, அவரோடு நானும் அவர் ஆபீஸ் மீட்டிங் வரைக்கும் போய், பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் வீட்டில் படிப்பாள், நான் எங்கே இருந்தாலும் எனக்கு நடக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கினால் போதும், எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஏன்யா, எழுதுவதற்கு உனக்கு வேற ஆளே கிடைக்கவில்லையா? (“நீ” என்று வந்துவிட்டது. இருக்கட்டும். தலையில் சீப்போடு நின்றவனிடம் ரொம்ப மரியாதையை எதிர்பார்க்காதே.)

உன்னிடம் இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பாகத்தையும் உருப்படியாக முடிக்க மாட்டாய். அடுத்ததை வாங்கவைக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஆளைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவாய். முதல் பாகம் எப்படி முடிந்தது? “தொப்பையப்பாவுக்கு விக்கல் வந்தது. விக், விக், விக்.” அவ்வளவுதான், புத்தகம் தீர்ந்துவிட்டது. உனக்கென்ன, இரண்டாம் பாகத்தை மழைக்காலம் முழுக்கச் சாவகாசமாக எழுதினாய். மழைக்காலம் முழுக்க நான் விக்கினேன். தண்ணீர் குடித்தேன், சர்க்கரை தின்றேன், மூச்சை அடக்கி நீலமாகிப் பார்த்தேன். உன் அக்கா கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து “பே” என்று பயமுறுத்தியதில் விக்கல் போகவில்லை, கையிலிருந்த ஒரு நல்ல லென்ஸ்தான் போயிற்று. டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள எல்லாம் சரியா இருக்கே, யாரோ சொல்லிக்கொடுத்து விக்குற மாதிரி இருக்கு” என்றார். சொல்லிக்கொடுத்தது நீதான். இரண்டாம் பாகம் வந்து, அவள் முதல் வரியில் “விக்கல் நின்றது” என்று படித்த அந்த நொடியே நின்றது. அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? “அத்தான், தொப்பை இருக்கிற அப்பா ஊரெல்லாம் இருக்காங்க. நீங்க ஏன் உங்களைத்தான்னு எடுத்துக்கிறீங்க?”

“என் வீட்டுக் குளியலறைய அப்படியே போட்டிருக்கியே!”

“நான் எங்க போட்டேன்? படம் போடுற அம்மா வேற. அவங்க உங்க வீட்டப் பாத்ததே இல்ல. நானே வந்து எவ்வளவு நாளாச்சு?”

“அப்ப அந்தப் பச்சை டைலு? நான் விழுந்து உடைச்ச இடத்துல அதே கலர் கிடைக்கலன்னு பச்சையில ஒண்ணு ஒட்டுனேன். நான் விழுந்ததே உன் புத்தகம் வந்ததுக்கு அப்புறம். அதே புத்தகத்துல அது எப்படி முன்னாடியே இருக்கு?”

நீ எழுந்து போய் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நான் டைலுன்னே எழுதல அத்தான். அவங்ககிட்ட நானும் கேட்டேன். கை தானாப் போகுதுன்னு சொன்னாங்க. என் கையும் சில நாள் அப்படித்தான் போகுது” என்றாய். சொல்லிவிட்டு, “அக்கா எப்படி இருக்காங்க?” என்று பேச்சை மாற்றினாய். நானும் “நல்லா இருக்கா” என்று வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் பாகம் வந்ததும் ஒரு தந்திரம் செய்தேன். அவள் படிப்பதற்கு முன்னால் நான் பார்த்துவைத்துக்கொண்டால் ஜாக்கிரதையாக இருக்கலாமே! எழுத்தைப் படிக்கப் பயமாக இருந்தது, படத்தை மட்டும் பார்ப்போம் என்று வரிகளைக் கையால் மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்தேன். சமையலறை அலமாரியிலிருந்து பாத்திரமெல்லாம் தொப்பையப்பாவின் தலையில் கொட்டுகிற படம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலமாரிக் கதவு திறந்து அத்தனையும் என் தலையில் இறங்கியது. சத்தமே இல்லை. தட்டுகள் தரையில் குதிக்கின்றன, மூடி ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது, நான் வாயைத் திறந்து கத்துகிறேன், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த உன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவைத்தேன். சாயங்காலம் பெண் வந்து அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தபோது, மூடியிருந்த அலமாரிக்குள்ளிருந்து டமால் டமால் டணங் என்று சத்தம் மட்டும் வந்தது. நடுவில் நான் கத்தியதும் வந்தது. உன் அக்கா கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டாள். முன்கூட்டியே படிக்கிற ஆசை எனக்கு அன்றோடு போயிற்று.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, விழுந்தால் எழுந்துவிடுவேன். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் கழுகுக் கண்காரிதான் கண்டுபிடித்தாள். “அப்பா, இங்க பாரேன். இந்தப் புத்தகத்துல எல்லாப் படத்துலயும் பின்னாடி ஒரு கதவு இருக்கு. முதல்ல மூடியிருக்கு. இதுல கொஞ்சூண்டு திறந்திருக்கு. இதுல இன்னும் கொஞ்சம்.” நம் மாடிப்படிக்கு அடியில் உடைந்த மின்விசிறியும் கடையின் பழைய பலகைகளும் போட்டுவைத்திருக்கிற சாமான் அறை இருக்கிறதே, அதன் கதவு. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போனது, சுத்தியலால் தட்டினால்தான் வரும். போய்ப் பார்த்தேன். விரல் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. சாத்தினேன். அவள் அடுத்த அத்தியாயம் படித்ததும் கை நுழைகிற அளவு. ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். அவள் அடுத்த அத்தியாயத்தைத் திறந்தாள், படத்தில் அதே நாற்காலி, கதவு அதைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து இருமல் சத்தம் வேறு. யாருடைய இருமல்? என்னுடையது. காலையில் பல் தேய்த்தவுடன் நான் இருமுவேனே, உன் அக்கா பழைய மோட்டார் என்று கிண்டல் செய்வாளே, அந்த இருமல். நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், அந்தப் பக்கம் நான் இருமுகிறேன்.

கடைக்குப் போனாலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று போனால், தபாலாபீஸில் வேலை செய்கிற அம்மா ஒருவர் கண்ணாடி மாற்ற வந்திருந்தார். உட்காரவைத்து, “மூணாவது வரி படிங்கம்மா” என்றேன். பலகையில் இருப்பவை தனித்தனி எழுத்துகள், ஒன்றோடொன்று சேராது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, “கதவுக்குள்ள அப்பா இருந்தார்” என்று படித்தார்.

“என்னம்மா சொன்னீங்க?”

“நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க! அடுத்த வரி பொடிசா இருக்கு, அது தெரியல. வேற லென்ஸ் போடுங்க, பாக்குறேன்” என்றார். நான் வேறு லென்ஸ் போடவில்லை. போதும் என்று அனுப்பிவிட்டேன். அவருக்கு என்ன பவர் எழுதிக்கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

கடைசிக்கு முந்தின அத்தியாயம், “உள்ளே இருமுவது யார் என்று பார்க்கத் தொப்பையப்பா கதவில் கையை வைத்தார்” என்று முடிகிறது. அதோடு அவள் நிறுத்திவிட்டாள். ஏண்டா என்றால், “படிச்சா முடிஞ்சிடும்ல. அப்புறம் படிக்க இருக்காது. அதான் மிச்சம் வச்சிருக்கேன்” என்கிறாள். நல்ல பிள்ளை, மிட்டாயைக்கூட அப்படித்தான் வைத்து வைத்துத் தின்பாள். ஆனால் என் கதி? அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் என் வலது கை தானாகப் போய் அந்தக் கதவில் ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் வருகிறது, அசந்தால் போய்விடுகிறது. இடது கையால் டீ குடிக்கிறேன், இடது கையால் சவரம் செய்கிறேன், என் மீசையைப் பார்த்தால் உனக்கே பாவமாக இருக்கும். இந்தக் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்துதான் எழுத முடிகிறது.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு அத்தியாயம் பிடித்த புத்தகத்திலிருந்து படிக்க வேண்டுமாம். யார் படிக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டதற்கு முதலில் கை தூக்கியது நம் வீட்டுப் பிள்ளை. டீச்சரே ஆச்சரியப்பட்டுப் போன் செய்தார். எதைப் படிக்கப்போகிறாள்? மிச்சம் வைத்திருப்பதைத்தான். நான் தந்திரமாக வேறொரு புத்தகம் வாங்கி வந்தேன், நல்லொழுக்கம் உள்ள அணில் ஒன்று காட்டில் எல்லாருக்கும் புத்தி சொல்கிற கதை. ஒரு பக்கம் படித்துவிட்டு, “இந்த அணில் விழவே மாட்டேங்குதுப்பா” என்று மூடிவிட்டாள்.

உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “என் தம்பி பேர் வாங்கினது உங்களுக்குப் பொறுக்கல” என்றாள். விக்கல்? “வயசாகுது.” பசை? “எதை எடுக்கிறோம்னு பார்த்து எடுத்தாத்தானே!” பாத்திரச் சத்தம்? “எலி.” எலி என் குரலில் கத்துமா என்று கேட்டேன். எலிப்பொறி வாங்கி வரச் சொன்னாள். சாமான் அறைக் கதவுக்கு முன்னால் அவளே போய் ஒரு பூப்போட்ட திரையை மாட்டியிருக்கிறாள். எதுக்கு என்று கேட்டால், “சும்மா, அழகுக்கு” என்கிறாள். அந்தப் பக்கம் பெருக்குவதை நிறுத்திவிட்டாள்.

ஆகவே மாப்ளே, எனக்குக் கதை எழுத வராது, ஆனாலும் யோசனை சொல்கிறேன். தொப்பையப்பா கதவைத் திறந்தார், உள்ளே மின்விசிறி இருந்தது, மூடினார், எல்லாரும் கடற்கரைக்குப் போனார்கள். முடிந்தது. விழுந்தே ஆக வேண்டும் என்றால் மணலில் விழட்டும். போகிற போக்கில் அவருக்குத் தலையில் இன்னும் கொஞ்சம் முடி முளைத்தது என்று ஒரு வரி சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் புத்தகத்தை ஒளித்துவைக்கப்போகிறேன், இது உறுதி. அவள் அழுவாள்தான். ஆனால் அப்பன் இல்லாமல் அழுவதைவிடப் புத்தகம் இல்லாமல் அழுவது மேல் இல்லையா? நாலாம் பாகம் அறவே வேண்டாம். எழுதிய வரைக்கும் கிழித்துவிடு. உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று அரித்தால் அந்த அணிலைப் பற்றி எழுது.

அக்கா தங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். மருமகள் மாமாவுக்கு முத்தம் அனுப்பியிருக்கிறாள். தாங்கள் எல்லா நலமும் பெற்று, எல்லாப் புகழும் பெற்று, கொஞ்ச காலத்துக்கு எழுத மட்டும் நேரம் கிடைக்காமல் நீடூழி வாழ வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள அத்தான்
(தொப்பையப்பா அல்ல)

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள். எதையும் மாற்ற வேண்டாம்.

கூரியர் கடை மூடியிருந்ததால் கடிதம் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. புத்தகத்தைச் சொன்னபடியே துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் ஒளித்தேன். வெள்ளிக்கிழமை காலை அவள் தேடினாள். அழுவாள் என்று தயாராக இருந்தேன், அழவில்லை. அடம் பிடிக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. சீருடை, ஷூ, ரிப்பன் எல்லாம் போட்டுக்கொண்டு, மெதுவாகப் போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். “டீச்சர்கிட்ட எனக்கு ஜுரம்னு சொல்லிடுப்பா” என்றாள். அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. போய் எடுத்து வந்து நானே பையில் வைத்தேன். “எங்கப்பா இருந்துச்சு?” என்றாள். “இங்கதான்டா இருந்துச்சு” என்றேன். பள்ளி வாசலில் விட்டு, “சத்தமாப் படி, என்ன?” என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். எது நடந்தாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், தெருவில் மானம் போக வேண்டாம் என்று திரையை விலக்கிக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கை கதவைத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை, நான்தான். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. இங்கே இருட்டாக இல்லை, வெள்ளையாக இருக்கிறது, மூலையும் இல்லை கூரையும் இல்லை. புது அச்சு வாசனை அடிக்கிறது. என் கையைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. காலடியில் ஒரு எண் போட்டிருக்கிறது, பக்க எண்ணாக இருக்கும். தொப்பை இருப்பதைவிடப் பெரிதாக இருக்கிறது, இதை அந்தப் படம் போடுகிற அம்மாவிடம் கட்டாயம் சொல். ஆனால் அவள் குரல் இங்கே நன்றாகக் கேட்டது மாப்ளே, பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது போல. வீட்டில் எல்லாரும் தொப்பையப்பாவைத் தேடுகிறார்கள், ஃபிரிட்ஜுக்குள், தலையணை உறைக்குள், ஷூவுக்குள். ஒரு சொல்லில் தடுமாறினாள். நான் அப்படியே நின்றுவிட்டேன், நிற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அவளே அதைத் தாண்டிப் போனாள். அப்புறம் சிரித்தார்கள் பார், வகுப்பு முழுக்க உருண்டு புரண்டு சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி வரி வழக்கம்போல உன் வேலை. “தொப்பையப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். யாருக்கும் கேட்கவில்லை.” அதோடு புத்தகம் தீர்ந்துவிட்டது. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். சாயங்காலம் உன் அக்கா திரைக்கு அந்தப் பக்கம் வந்து ரொம்ப நேரம் நின்றாள், பிறகு மெதுவாக என் பேரைச் சொன்னாள். நான் பதில் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. கதவுக்கு அடியில் கொஞ்சம் இடம் விட்டு வரைந்திருக்கிறார்கள், நல்ல வேளை. இதை அந்த வழியாகத் தள்ளுகிறேன். பிள்ளை கண்ணில் பட்டால் உறைமேல் உள்ள முகவரியை அவளே படித்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

நாலாம் பாகத்தை எழுது. முதல் பக்கத்திலேயே என்னை வெளியே கொண்டுவந்துவிடு, அக்கா பாவம். ஆனால் எனக்காக அவசரப்பட்டு வரிகளைச் சுருக்காதே. கொஞ்சம் நீளமாகவே எழுது. அவள் படித்துவிடுவாள்.